மதுரைத் திட்ட மின்பதிப்புகளின் முகப்புக் குறிப்பு: தன்னார்வலர் பெயர்ப்பதிவின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

இணையவழித் தமிழ் நூலாக்கத்தில் ஊதியமின்றி உழைத்தவர்கள் எவ்வாறு அறிந்தேற்கப்பட்டனர் என்பதை மதுரைத் திட்ட மின்பதிப்புகளின் முகப்புக் குறிப்புகளை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அச்சுக்காலப் பதிப்புரை மரபுடன் அக்குறிப்புகளுக்கு உள்ள உறவும், விக்கித் திட்டங்களின் பெயர்ப்பதிவு முறையிலிருந்து அவை வேறுபடும் இடமும் காட்டப்படுகின்றன. பெயர்ப்பதிவு நன்றிக்கடன் மட்டுமன்று, பாடத்தின் வரலாற்றுச் சான்றுமாகும் என்பது கட்டுரையின் கருத்து.

கருச்சொற்கள்: மதுரைத் திட்டம், மின்பதிப்பு, தன்னார்வலர், பதிப்புரை, மெய்ப்பு, விக்கிமூலம்

முன்னுரை

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் அறிஞராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் அதன் தலைவராகவும், ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்சுனன் துணைத்தலைவராகவும் பொறுப்பேற்றனர். திருக்குறளை முதல் எண்ணாகக் கொண்டு தொடங்கிய வரிசை இன்று 700-க்கும் மேற்பட்ட மின்பதிப்புகளாக வளர்ந்துள்ளது. சங்க இலக்கியத்தை ஆராயும் மாணவர் முதல் சிற்றிலக்கியச் சொல்லடைவு தொகுப்பவர் வரை இவற்றைத் தொடாதவர் இன்று அரியர்.

இத்தனையும் ஊதியமில்லா உழைப்பால் அமைந்தவை. பட்டமோ பொற்கிழியோ அவ்வுழைப்புக்குப் பரிசாக அறிவிக்கப்படவில்லை. ஒவ்வொரு மின்பதிப்பின் தொடக்கத்திலும் பாடத்துக்கு முன்னே சில வரிகள் உள்ளன. தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர், இணையப் பக்கமாக அமைத்தவர் ஆகியோரின் பெயர்களும் பெரும்பாலும் அவர்தம் ஊரும் நாடும் அங்கே தரப்பட்டிருக்கும். திட்டம் தன் தொண்டர்க்கு அளித்த மதிப்பு அந்தச் சில வரிகளே. பாடத்தைத் தேடி வருவோர் அவற்றைப் படிக்காமலே கடந்து செல்வதால், அவை இதுவரை தனி ஆய்வுப்பொருளாகப் போதிய கவனம் பெறவில்லை.

ஏட்டிலிருந்து பதிப்புரைக்கு

உழைத்தவர் பெயரை நூலுடன் பிணைத்து வைக்கும் வழக்கம் கணினியுடன் வந்ததன்று. ஓலைச்சுவடிகளின் இறுதியில் ஆண்டு, திங்கள், நாள் ஆகியவற்றோடு ஏட்டுக்கு உரியவர் பெயரும் எழுதியவர் பெயரும் குறிக்கப்பட்டிருப்பதைச் சுவடியியலார் நன்கறிவர். அச்சுக்காலத்தில் இவ்வழக்கம் பதிப்புரைக்குள் இடம்பெயர்ந்தது. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1889இல் பத்துப்பாட்டையும், 1894இல் புறநானூற்றையும் வெளியிட்டார். ஏடு தந்தோரை நன்றியுடன் நினைவுகூர்வது அவருடைய பதிப்புரைகளின் நிலையான கூறாக விளங்கியது. சேலம் இராமசுவாமி முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் படியை ஐயரிடம் கொடுத்த நிகழ்ச்சி தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் ஒரு தொடக்கப்புள்ளியாகவே நிலைபெற்றுவிட்டது.

ஆயினும் அம்மரபில் ஒரு சமனின்மை உண்டு. ஏட்டை உடையவரும் பொருள் தந்தவரும் பெற்ற இடத்தை, உடனமர்ந்து ஏட்டைப் படித்தும் ஒப்புநோக்கியும் படியெடுத்தும் உதவியவர்கள் எப்போதும் பெற்றார்கள் எனச் சொல்ல இயலாது. ஐயருடன் இருந்து உழைத்த திருமானூர்க் கிருஷ்ணையரைப் பற்றி இன்று நாம் அறிவது மிகக் குறைவு. பிற பதிப்பாளர் பலருடைய நூல்களில் படியெடுத்தவர் பெயர் முற்றாகவே மறைந்துபோனது. பதிப்பாசிரியர் என்னும் ஒற்றைப் பெயருக்குள் பலருடைய கண்ணும் கையும் அடங்கிக் கிடந்தன.

முகப்புக் குறிப்பின் அமைப்பு

மதுரைத் திட்டம் இவ்விடத்தில் மரபைத் தொடர்ந்ததோடு அதன் வரிசையையும் மாற்றியது. முகப்புக் குறிப்பில் முதலிடம் பெறுபவர் தட்டச்சு செய்தவர். அடுத்து வருபவர் மெய்ப்புப் பார்த்தவர். அச்சுக்காலத்தில் பெயரின்றிக் கிடந்த தொழில்களே இங்கு பெயருடன் நிற்கின்றன. யார் என்ன செய்தார் என்பது பணிவாரியாகப் பிரித்துச் சொல்லப்படுகிறது. அடைமொழியோ புகழ்ச்சியோ மிகுதியாக இல்லை. ஒருவரை மற்றவருக்கு மேலாக வைக்கும் தரவரிசையும் இல்லை.

அந்நாளில் தட்டச்சு எத்தகைய உழைப்பைக் கோரியது என்பதை இன்றைய ஒருங்குறிப் பயனர் உணர்வது எளிதன்று. 1990-களின் இறுதியில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தத்தம் குறியேற்றத்தைக் கொண்டிருந்தன. ஒருவர் கணினியில் உள்ளிட்ட பாடம் இன்னொருவர் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். தனி எழுத்துருக்களில் தொடங்கிய பணி பின்னர்த் திஸ்கி குறியேற்றத்துக்கும், அதன்பின் ஒருங்குறிக்கும் நகர்ந்தது. ஒவ்வொரு நகர்விலும் பழைய கோப்புகளை மாற்றிச் சரிபார்க்க வேண்டியிருந்தது. இணையப் பக்கம் அமைத்தவர் பெயர் முகப்பில் தனியே இடம்பெறுவதற்கு இதுவே காரணமாகலாம்.

குறிப்புகள் ஆங்கிலத்தில் அமைந்துள்ளமையும் கருதத்தக்கது. தமிழ் எழுத்துரு இல்லாத கணினியிலும் அவ்வரிகளைப் படிக்க இயலும். பாடம் சிதைந்து தோன்றிய கணினியிலும் உழைத்தவர் பெயர் சிதையாமல் தோன்றியிருக்கும். அது திட்டமிட்ட ஏற்பாடாக இல்லாதிருக்கலாம். விளைவு என்னவோ அதுவே.

முகப்பில் உள்ள மற்றொரு வரி பெயர்ப்பதிவுக்கு விதியின் வலிமையைத் தருகிறது. கோப்பை எவரும் கட்டணமின்றிப் பரப்பலாம். ஆனால் முகப்புப் பக்கம் மாற்றப்படாமல் உடனிருக்க வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. அச்சு நூலின் பதிப்புரையை மறுபதிப்பாளர் நீக்கிவிடலாம், நீக்கியும் உள்ளனர். இங்கோ நன்றியுரை நூலைப் பயன்படுத்தும் உரிமையோடு பிணைக்கப்பட்டது. தொண்டர் பெயரைச் சுமந்து செல்வதே பெறுபவர் செலுத்த வேண்டிய ஒரே விலையாயிற்று.

பெயர்கள் பெருகியதும் சுருங்கியதும்

முகப்புக் குறிப்புகளைக் கால வரிசையில் நோக்கின் அவை ஒரு சமூகத்தின் வரலாறாகவும் விரிகின்றன. தொடக்கக் கோப்புகளில் ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றொருவர் மெய்ப்புப் பார்த்திருப்பார். பின்னர்ப் பகிர்ந்த மெய்ப்பு முறை கைக்கொள்ளப்பட்டது. ஒரு நூலின் பக்கங்களைப் படிமங்களாக்கிப் பலருக்குப் பகிர்ந்தளித்து, ஒவ்வொருவரும் சில பக்கங்களைச் சரிபார்க்கும் முறை இது. குட்டன்பர்க் திட்டத்துக்கு உதவும் நோக்கில் 2000ஆம் ஆண்டில் உருவான ஏற்பாட்டை ஒட்டியது. இவ்வாறு ஆக்கப்பட்ட மின்பதிப்புகளின் முகப்பில் பெயர்கள் நீண்ட பட்டியலாக அமைகின்றன. ஒருவர் பத்துப் பக்கம் பார்த்தாரா, நூறு பக்கம் பார்த்தாரா என்பது பட்டியலில் தெரியாது. இதனைக் குறை எனலாம். எனினும் சிறிதளவே உதவியவரும் தம் பெயரைக் காணும் வாய்ப்பு இதனால் அமைந்ததையும் மறுக்க இயலாது.

2010-களின் நடுப்பகுதிக்குப் பின் கூகுள் எழுத்துணரி தமிழுக்குப் பயன்படத் தொடங்கியது. முகப்புக் குறிப்பின் சொற்களும் மாறின. தட்டச்சாளர் இருந்த இடத்தில், நூலின் படிமக்கோப்பைத் தந்தவரோ நிறுவனமோ நன்றி பெறலாயினர். மெய்ப்புப் பார்த்தவர் தொடர்ந்தார். ஆனால் பெயர்கள் பெரும்பாலும் ஓரிரண்டாகச் சுருங்கின. கல்யாணசுந்தரத்தின் பெயர் மட்டும் கோப்புக்குக் கோப்பு மீண்டும் மீண்டும் வருகிறது. பொறி உழைப்பைக் குறைத்தது என்பது உண்மையே. கூடவே ஒரு கூட்டுமுயற்சி சிலருடைய தோளில் தங்கிவிட்டதையும் இம்முகப்புகள் காட்டுகின்றன. ஏடு தந்தவர் முன்னிற்க, எழுதியவர் பின்னொதுங்கும் பழைய வரிசை ஓரளவு திரும்பி வந்திருப்பதும் நோக்கத்தக்கது.

விக்கி முறையும் பதக்கமும்

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அங்கும் அதன் உடன்பிறப்பான விக்கிமூலத்திலும் பெயர்ப்பதிவு வேறு நெறியில் நிகழ்கிறது. ஒவ்வொரு திருத்தமும் செய்தவர் பயனர்பெயரோடும் நேரத்தோடும் பக்க வரலாற்றில் தானாகவே பதிவாகிறது. விக்கிமூலத்தில் ஒரு பக்கத்தை ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் அது மஞ்சள் நிறமும், வேறொருவர் சரிபார்த்தால் பச்சை நிறமும் பெறும். ஒருவரே இரண்டையும் செய்ய இயலாது. முழுமையில் இப்பதிவுக்கு மதுரைத் திட்ட முகப்பு ஈடாகாது. எந்த வரியை எவர் திருத்தினார் என்பதுவரை இங்கே அறியலாம். ஆனால் நூலைப் படிப்பவர் கண்ணில் அது படுவதில்லை. வரலாற்றுப் பக்கத்தைத் தேடித் திறப்பவருக்கே பெயர்கள் தெரியும். பல பெயர்கள் புனைபெயர்கள் என்பதும் உண்டு.

பதிவு முழுமையாக இருந்தும் அது பாராட்டாக உணரப்படவில்லை போலும். விக்கிச் சமூகம் பதக்கம் என்னும் தனி ஏற்பாட்டை உருவாக்கிக்கொண்டது. 2003இன் இறுதியில் ஆங்கில விக்கிப்பீடியாவில் புகுந்த இவ்வழக்கம் தமிழிலும் வேரூன்றியது. எந்தப் பயனரும் மற்றொரு பயனருக்குக் காரணம் எழுதிப் பதக்கம் அளிக்கலாம். குழுவோ நடுவரோ தேவையில்லை. தமிழ் விக்கிப்பீடியா ஒருபடி மேலே சென்று, பங்களிப்பாளர்களை முதற்பக்கத்திலேயே அறிமுகம் செய்தது. இவற்றின் பயன் ஆய்வாலும் சோதிக்கப்பட்டுள்ளது. ரெஸ்டிவோ, வான் டி ரைட் ஆகியோர் 2012இல் வெளியிட்ட சோதனையில், மிகுதியாகப் பங்களிப்போரிலிருந்து எழுந்தமானமாகத் தெரிவுசெய்து பதக்கம் அளிக்கப்பட்டவர்கள், அளிக்கப்படாதவர்களைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதலாக உழைத்தனர். ஆங்கில விக்கிப்பீடியாவில் பெற்ற அம்முடிவைத் தமிழ்ச் சூழலுக்கு அப்படியே பொருத்துவது பிழையாகலாம்.

பதக்கம் ஆளைச் சார்ந்தது; பயனர் பக்கத்திலேயே தங்கிவிடும். முகப்புக் குறிப்பு நூலைச் சார்ந்தது. நூல் செல்லும் இடமெல்லாம் செல்ல வேண்டியது. இரண்டின் வேறுபாடும் வெளிப்படுவது நூல் படியெடுக்கப்படும்போதுதான்.

படியெடுப்பும் பெயரிழப்பும்

மதுரைத் திட்டப் பாடங்கள் பல இணையதளங்களிலும் செயலிகளிலும் மறுவெளியீடு பெற்றுள்ளன. அவற்றுள் முகப்பை நீக்கிப் பாடத்தை மட்டும் தருவன பல. நிபந்தனை மீறப்பட்டது என்பதோடு இதன் தீங்கு முடிவதில்லை. முற்பட்ட மின்பதிப்புகள் பலவற்றில் தட்டச்சாளர் பெயர் உண்டு, மூல அச்சுப் பதிப்பின் விவரம் இல்லை. பிற்பட்டவற்றில் நூற்பெயர், பதிப்பகம், ஆண்டு ஆகியன முகப்பிலேயே சேர்க்கப்பட்டுள்ளன. ஆகவே முகப்பை இழந்த பாடம் உழைத்தவரை மட்டுமன்றித் தன் பிறப்பிடத்தையும் இழக்கிறது. ஒரு பாடவேறுபாடு மூலப் பதிப்பைச் சார்ந்ததா, தட்டச்சுப் பிழையா, குறியேற்ற மாற்றத்தில் நேர்ந்ததா எனத் தெளிய வேண்டிய ஆய்வாளருக்குத் தடயம் இல்லாமற்போகிறது.

இவ்விழப்பில் ஆய்வுலகுக்கும் பங்குண்டு. மின்பதிப்பில் தேடி மேற்கோளைப் படியெடுத்துவிட்டு, துணைநூற்பட்டியலில் ஓர் அச்சுப் பதிப்பை மட்டும் குறிப்பது ஆய்வேடுகளில் வழக்கமாகியுள்ளது. இணையச் சான்று தாழ்வாக மதிக்கப்படும் என்னும் அச்சம் அதற்குக் காரணமாகலாம். அவ்வாறு குறிக்கும்போது, பாடத்தை உண்மையில் தந்தவர் மறைகிறார். பார்க்கப்படாத ஓர் அச்சுப் பதிப்பு பார்க்கப்பட்டதாகிறது. மின்பதிப்பின் வரிசை எண், அதன் முகப்பிலுள்ள மூலப் பதிப்பு, தட்டச்சு அல்லது மெய்ப்புச் செய்தவர் பெயர் ஆகிய மூன்றும் ஒரே வரியில் அடங்கக்கூடியவை.

விக்கிமூலத்தில் ஒரு பெயர் மறைந்தாலும் பக்க வரலாற்றைத் திறந்து மீட்கலாம். மதுரைத் திட்டக் கோப்புகளுக்கு அத்தகைய வரலாற்றுப் பக்கம் இல்லை. 1998க்கும் ஒருங்குறிக்கும் இடைப்பட்ட காலத்தில், ஏதோ ஒரு நாட்டில் மாலை வேளைகளில் அமர்ந்து ஒரு காப்பியத்தை எழுத்தெழுத்தாக உள்ளிட்டவர் அதைச் செய்தார் என்பதற்குப் பொதுவில் எஞ்சியுள்ள சான்று அந்த முகப்பின் ஒற்றை வரியே.