மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர்

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் ஓரிடத்தில் மறுக்கப்படும்போது அதை விசாரித்துத் திருத்தப் பரிந்துரைக்கும் சட்டப்படியான பதவி. இந்தியாவின் ஒவ்வொரு மாநில அரசும் இவரை நியமிக்க வேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான இப்பதவி, 19 ஏப்ரல் 2017 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் கீழ் தொடர்கிறது. புதிய சட்டம் குறைபாட்டு வகைகளை 7இலிருந்து 21ஆக உயர்த்தியதால் ஆணையரின் வரம்பும் விரிந்தது.

பணிகள்: சட்டத்துக்கு முரணான விதிகளையும் திட்டங்களையும் கண்டறிதல், மாநில அரசு வழங்கும் நிதி செலவாகும் விதத்தைக் கண்காணித்தல், ஆய்வையும் விழிப்புணர்வையும் ஊக்குவித்தல். புகார் வராவிட்டாலும் தாமாகவே விசாரணையைத் தொடங்கலாம். சக்கர நாற்காலியில் வருபவர் ஏற முடியாதபடி ஓர் அரசு அலுவலக வாசலில் படிகள் மட்டும் இருந்தால், அதுவே விசாரணைக்குப் போதும்.

அதிகாரம்: சாட்சிகளை அழைப்பதிலும் ஆவணங்களைக் கோருவதிலும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. பரிந்துரையைப் பெற்ற துறை மூன்று மாதத்துக்குள் நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும்; ஏற்க மறுத்தால் காரணத்தை ஆணையருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்ல வேண்டும். அதிகபட்சம் ஐந்து வல்லுநர்கள் கொண்ட ஆலோசனைக் குழு இவருக்கு உதவும்.

ஆணையரின் ஆண்டறிக்கை மாநிலச் சட்டமன்றத்தில் வைக்கப்படும்.