தென்காசி – கேரளக் காய்கறி வணிகமும் மக்கள்தொகை மாற்றமும்

தென்காசி மாவட்டத்தில் விளையும் காய்கறிகள் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து கேரளத்துக்கு விற்பனைக்குச் செல்கின்றன. பாவூர்சத்திரம், சுரண்டை சந்தைகளில் கத்தரி, வெண்டை, மிளகாய் முதலியவற்றை ஏற்றும் லாரிகள் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகக் கொல்லத்தை அடைகின்றன. மலையின் இருபுறமும் ஏற்பட்ட மக்கள்தொகை மாற்றங்கள் இவ்வணிகத்தைப் பெரிதும் பாதித்துள்ளன.

வணிக வழி

செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டுடன் இணைந்தது. அதற்கு முன் அது திருவிதாங்கூர் பகுதியாக இருந்தது. ஆகவே கணவாயின் இருபுறமும் நெடுங்காலம் ஒரே ஆட்சியே நடந்தது. 1904இல் கொல்லம் – செங்கோட்டை ரயில் பாதை திறக்கப்பட்டது. அகலப்பாதைப் பணிக்காக 2010இல் மூடப்பட்ட புனலூர் – செங்கோட்டைப் பகுதி 2018இல் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று காய்கறிக்குச் சாலையே முதன்மையான வழியாகும்.

கேரளத்தின் தேவை

2001 – 2011 காலத்தில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 விழுக்காடு உயர்ந்தது, கேரளத்தில் 4.9 விழுக்காடு மட்டுமே. பத்தனம்திட்டா, இடுக்கி மாவட்டங்களில் மக்கள்தொகை குறைந்தே போனது. ஆயினும் கேரளம் வெளியிலிருந்து வாங்கும் தேவை குறையவில்லை. 1970களுக்குப் பின் பலர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தால் வாங்கும் திறன் உயர்ந்தது. வயல் வேலைக்கு ஆள் குறைந்தது. 1974–75இல் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த நெல் பரப்பு, 2010–11இல் ஏறத்தாழ 2 லட்சமாகச் சுருங்கியது. உண்போர் எண்ணிக்கையைவிட, விளைவிப்போர் குறைந்ததே தேவையைக் கூட்டியது எனலாம். ஓணத்தின்போது இத்தேவை உச்சத்தை எட்டும்.

தென்காசியின் நிலை

ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்யப் பெண் ஒருவருக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இது 1.8 ஆகும். தென்காசி இளைஞர்கள் சென்னை, திருப்பூர், வளைகுடா என வேலை தேடிச் செல்கின்றனர். வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் காய் முற்றி விலை போகாது. சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வரும் கூட்டம் உள்ளூர் விற்பனையைக் கூட்டினாலும் அது சில மாதங்களுக்கே நீடிக்கும்.

2011 முதல் மத்தளம்பாறையில் இயங்கும் சோகோ மென்பொருள் நிறுவனம், சொந்த ஊரிலேயே வேலை பெற வழி செய்தது. ஆனால் அது வயலுக்கு ஆள் தருவதில்லை. கேரளத்தில் உழவர் குறைந்தபோது அதற்குத் தென்காசி இருந்தது. தென்காசியிலும் உழவர் குறைந்தால், மலையின் இருபுறச் சமையலறைகளுக்கும் காய்கறி தொலைவிலிருந்தே வர வேண்டியிருக்கும், விலையும் ஏறும்.