பொருள்நோக்கு நிரலாக்கம்: தொடக்க மாணவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

படிவம் 5 முடித்துக் கணினித் துறைக்குச் செல்லும் பிள்ளைகள் திணறக்கூடிய பாடங்களுள் ஒன்று 'ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்'. தமிழில் இதைப் பொருள்நோக்கு நிரலாக்கம் என்பர். ஜாவா, பைத்தான், சி பிளஸ் பிளஸ் ஆகிய மொழிகளில் இம்முறையில் நிரல் எழுதலாம். இதன் சொற்களை மனப்பாடம் செய்வதைவிட, தெரிந்த ஒன்றைக் கொண்டு புரிந்துகொள்வதே நல்லது. தோட்டச் சம்பளக் கணக்கை எடுத்துக்கொள்வோம்.

வகுப்பு, பொருள்: பெயர், எண், வேலை நாள் ஆகிய விவரங்களும் 'சம்பளம் கணக்கிடு' என்ற செயலும் கொண்ட 'தொழிலாளி' என்னும் மாதிரியே வகுப்பு (கிளாஸ்). அந்த மாதிரியில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனித்தனியே உருவாவது பொருள் (ஆப்ஜெக்ட்).

உறைபொதியாக்கம்: வேலை நாளை நிரலின் எந்த இடத்திலிருந்தும் மாற்ற முடிந்தால், 26 என்பது 62 ஆகிவிடலாம். எனவே அதை உள்ளே பூட்டி, 'நாளைப் பதிவு செய்' என்ற ஒரே வழியில் மட்டும் மாற்ற விடுகிறோம். 31-க்கு மேற்பட்ட எண்ணை அச்செயல் ஏற்காதவாறு எழுதலாம்.

மரபுரிமை: பால்மரம் சீவுபவரும் செம்பனைக் குலை அறுப்பவரும் தொழிலாளிகளே. பொது விவரங்களைத் 'தொழிலாளி' வகுப்பிலிருந்து பெற்று, வேறுபடுவதை மட்டும் சேர்த்தால் போதும்.

பல்லுருவாக்கம்: கட்டளை ஒன்றே, 'சம்பளம் கணக்கிடு'. சீவுபவருக்குப் பாலின் எடைப்படியும், அறுப்பவருக்குக் குலையின் எடைப்படியும் விடை வரும். பின்னர் லாரி ஓட்டுநரைச் சேர்த்தாலும் கட்டளையை மாற்ற வேண்டியதில்லை.

கருத்தியலாக்கம்: ஊழியர் சேமநிதிப் பிடித்தம் போன்ற கணக்குகள் உள்ளே நடக்கும். கிராணிக்குத் தேவை இறுதித் தொகை மட்டுமே.

1960-களில் நார்வே நாட்டின் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் ஆகியோர் உருவாக்கிய சிமுலா மொழியே இம்முறைக்கு வித்திட்டது. இருவருக்கும் 2001-ஆம் ஆண்டின் டியூரிங் விருது கிடைத்தது.

மாணவர்கள் அடிக்கடி குழம்புவது மரபுரிமையில்தான். 'இது அதன் ஒரு வகையா?' என்று கேட்டுப் பாருங்கள். சீவுபவர் தொழிலாளியின் ஒரு வகை. ஆகவே மரபுரிமை பொருந்தும். சீவும் கத்தியோ அவர் வைத்திருக்கும் கருவி. அது தனி வகுப்பாக வேண்டும்.

சம்பளக் கணக்கில் ஒரு பிழை, ஒரு குடும்பத்தின் மாதச் செலவையே பாதிக்கும். அப்பிழையைத் தேட வேண்டிய இடத்தைக் குறைத்துத் தருவதே இம்முறையின் பெரும் பயன்.