எந்தப் பாறையில் ஏறுவது?

என்னிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். பெங்களூருவில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் அவர், நான்கு ஆண்டுகளாக உள்ளரங்கின் செயற்கைச் சுவரில் ஏறிப் பழகியவர். இரண்டு வார விடுப்பும் ஓரளவு சேமிப்பும் கையில் உள்ளன. உலகின் தலைசிறந்த பாறையேற்றத் தலங்களுள் எதற்குச் செல்லலாம் என்பது அவருடைய கேள்வி. வீட்டு மாடிப்படி ஏறவே கைப்பிடியைத் தேடும் வயதில் இருக்கும் என்னிடம் இதைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. பொதுவளங்களின் பொருளாதாரத்தை வகுப்பில் விளக்கும்போது மேய்ச்சல் நிலம், ஏரி, மீன்வளம் ஆகியவற்றோடு பாறையேற்றத் தலங்களையும் எடுத்துக்காட்டாகக் கூறுவது என் வழக்கம்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்ற பிறகு இதன்மீதான ஆர்வம் நம் நாட்டிலும் பெருகியிருக்கிறது. 'உலகின் பத்துச் சிறந்த தலங்கள்' என்ற வகையிலான பட்டியல்களுக்கும் குறைவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை புகைப்படத்தின் அழகை அளவுகோலாகக் கொண்டவை. பாறையை இயற்கை இலவசமாகத் தந்துவிடுகிறது. அதை ஏறத்தக்கதாக வைத்திருப்பவர்கள் மனிதர்கள். அவர்கள் யார், அதற்கான செலவை ஏற்பவர் யார் என்பதை அறிந்துகொண்டு தலத்தைத் தேர்ந்தெடுப்பதே முறை என்பது என் கருத்து.

பாறையேற்றத்தில் மூன்று வகைகள் முதன்மையானவை. பாறையில் துளையிட்டு நிலையாகப் பொருத்தப்பட்ட போல்ட்டுகளில் கயிற்றை மாட்டியபடி ஏறுவது ஒன்று. பாறைப் பிளவுகளில் தாமே கருவிகளைச் செருகி, பின்வருபவர் அவற்றை அகற்றிக்கொண்டே வர, தடமின்றி ஏறிச்செல்வது மற்றொன்று. கயிறே இல்லாமல், கீழே மெத்தையை விரித்துவிட்டுச் சிறு பாறைகளில் ஏறுவது போல்டரிங். உள்ளரங்கில் பழகியவருக்கு முதல் வகையும் மூன்றாம் வகையுமே தொடக்கத்தில் பொருந்தும். இரண்டாம் வகைக்குத் தேர்ந்தவர் ஒருவரிடம் நெடுநாள் பயிற்சி பெறுவது கட்டாயம். யோசெமிட்டியின் படத்தைப் பார்த்த மயக்கத்தில் நேராக அங்கே போய் இறங்குபவர்கள், பெரும்பாலும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

முதல் வகைக்கு உலக அளவில் பெயர்பெற்ற இடம், கிரேக்க நாட்டின் கலிம்னோஸ் தீவு. ஏஜியன் கடலில் உள்ள இச்சிறு தீவு பல தலைமுறைகளாகக் கடற்பஞ்சு எடுப்பதை நம்பி வாழ்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூழ்கு உடை வந்த பிறகு, மேலும் ஆழத்துக்குச் சென்ற ஆண்களில் பலர் அழுத்த நோயால் இறந்தனர். பலர் கைகால் முடங்கினர். பின்னர்ச் செயற்கைப் பஞ்சு சந்தைக்கு வந்தது. 1986-இல் கிழக்கு மத்தியதரைக் கடலில் பரவிய நோய், எஞ்சியிருந்த கடற்பஞ்சுகளையும் பெருமளவில் அழித்தது. இளைஞர்கள் தீவை விட்டு வெளியேறுவது தொடர்ந்தது.

1996-இல் விடுமுறைக்காக அங்கு சென்ற ஆந்திரேயா தி பாரி என்ற இத்தாலியர், குன்றுகளின் சுண்ணாம்புப் பாறைகளையும் குகைக் கூரைகளிலிருந்து தொங்கும் கற்றூண்களையும் கண்டு வியந்தார். பின்னர்த் திரும்பிவந்து முதல் பாதைகளை அமைத்தார். அதே பாறைகள் அதுவரை ஆடுகளுக்கு நிழல் தருவதைத் தவிர வேறு பயனற்றவையாக இருந்தன. உள்ளூர் நகராட்சி விரைவிலேயே இதன் பொருளாதார மதிப்பை உணர்ந்து, பாதைகள் அமைப்பதற்குத் துணை நின்றது. இன்று அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஏற்றப் பாதைகள் உள்ளன. அவற்றில் எளியவையும் உண்டு. உலகின் மிகத் தேர்ந்தவர்களுக்குச் சவாலாக அமைபவையும் உண்டு.

பொருளியலாளனின் கண்ணுக்கு இதில் சுவையான செய்தி பருவகாலம் பற்றியது. கடற்கரைச் சுற்றுலாப் பயணிகள் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வருவார்கள். சுட்டெரிக்கும் அந்த வெயிலில் பாறை ஏறுவது கடினம். எனவே ஏறுபவர்கள் மார்ச் முதல் மே வரையிலும், செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் வரையிலும் வருகிறார்கள். விடுதியும் உணவகமும் காற்றாடும் மாதங்களில் அவை நிரம்புகின்றன. பாறையைப் பேணுவதில் ஊருக்கு அக்கறை பிறப்பது இப்படித்தான். ஊருக்கு அக்கறை உள்ள இடத்தில் துருப்பிடித்த போல்ட் நெடுநாள் நீடிப்பதில்லை.

அந்தப் போல்ட்டைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். முப்பது மீட்டர் உயரப் பாதை ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு போல்ட்டுகளேனும் தேவை. அவற்றை வாங்குபவரும், தொங்கியபடி துளையிட்டுப் பொருத்துபவரும் பெரும்பாலும் ஊதியமற்ற தன்னார்வலர்கள். பயன்படுத்துபவரோ கட்டணம் எதுவும் செலுத்துவதில்லை. தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில், செங்குத்துப் பாறைகளால் சூழப்பட்டுப் படகில் மட்டுமே அடையக்கூடிய ரெய்லே, தொன்சாய் கடற்கரைகள் இதன் விளைவை உலகுக்குக் காட்டின. துருப்பிடிக்காத எஃகு என்று நாம் அழைக்கும் உலோகம், வெப்பமும் உப்பும் சூழ்ந்த அந்தச் சுண்ணாம்புப் பாறைகளில் சில ஆண்டுகளிலேயே உள்ளுக்குள் விரிசல் கண்டது. வெளிப்பார்வைக்குப் பளபளப்பாக இருந்த போல்ட்டுகள் உடைந்தன. பல மடங்கு விலையுள்ள டைட்டானியம் போல்ட்டுகளைப் பசையிட்டுப் பொருத்துவதே தீர்வு என்றானது. அந்தப் பணி பெரிதும் நன்கொடைகளை நம்பியே நடக்கிறது. அங்கே செல்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இந்தப் பாதையில் இருப்பது எஃகா, டைட்டானியமா?' என்பதே.

கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் எல் கேப்பிட்டன் என்னும் கருங்கல் சுவர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம் நிமிர்ந்து நிற்கிறது. அதன் 'நோஸ்' பாதையில் வாரன் ஹார்டிங் குழுவினர் ஓராண்டுக்கும் மேலாக விட்டுவிட்டு முயன்று 1958-இல் உச்சியை அடைந்தனர். கருவிகளைப் பிடித்து ஏறாமல், கைகால்களின் பலத்தால் மட்டுமே அப்பாதையை 1993-இல் முதன்முதலாகக் கடந்தவர் லின் ஹில் என்ற பெண்மணி. மறு ஆண்டே அதை ஒரே நாளுக்குள் செய்து முடித்தார். 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானோல்டு கயிறே இல்லாமல் நான்கு மணி நேரத்துக்குள் எல் கேப்பிட்டனில் ஏறினார். அவர் ஏறிய பாதையின் பெயர் 'ஃப்ரீரைடர்'. பிறர் செலவில் பயன் துய்ப்பவரைக் குறிக்கப் பொருளியலில் நாங்கள் கையாளும் சொல்லும் அதுவே. கயிறோ போல்ட்டோ பயன்படுத்தாத ஒருவருக்கு அப்பெயர் பொருந்தாது என்பதை வகுப்பில் சொன்னபோது மாணவர்கள் சிரித்தார்கள்.

யோசெமிட்டிக்கு வேறொரு சிறப்பும் உண்டு. அங்கே பாறைப் பிளவுகளில் இரும்பு ஆப்புகளைச் சுத்தியலால் அடித்து, பின் பிடுங்கி எடுத்ததால் பிளவுகள் ஆண்டுக்காண்டு அகன்று சிதைந்தன. அந்த ஆப்புகளைச் செய்து விற்றவர் இவான் சுய்னார்டு. அவரது சிறு நிறுவனத்தின் முதன்மை வருவாயே அதுதான். ஆனாலும் 1972-இல் வெளியிட்ட விற்பனைக் கையேட்டில், ஆப்புகளைக் கைவிட்டுக் கையால் செருகி எடுக்கும் அலுமினியக் கட்டைகளுக்கு மாறுங்கள் என்று அவர் வாடிக்கையாளர்களிடம் வாதிட்டார். தன் பொருளால் பிறருக்கு விளையும் கேட்டைத் தானே கணக்கில் கொண்ட உற்பத்தியாளர்கள் அரியர்.

பொதுவளத்தைப் பயன்படுத்துவோர் தாமே விதிகளை வகுத்துக் காக்க முடியும் என்று காட்டியவர், 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு அருகே எல்பே ஆற்றங்கரையில் தனித்தனியே எழுந்து நிற்கும் மணற்கல் தூண்களை அதற்குச் சான்றாகக் கூறலாம். உலோகக் கருவிகளைப் பிளவுகளில் செருகுவதற்கு அங்கே தடை. முடிச்சிட்ட கயிற்று வளையங்களையே செருக வேண்டும். வியர்வையைப் போக்கும் வெண்பொடியைக் கையில் பூசக் கூடாது. மழையில் நனைந்த மணற்கல் வலுவிழக்கும் என்பதால் ஈரப் பாறையில் ஏறவும் கூடாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏறுபவர்கள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட நெறிகளின் தொடர்ச்சி இது. போல்டரிங் பழகுபவருக்குப் பாரிஸ் அருகிலுள்ள ஃபோன்தென்ப்ளோ காடு ஏற்றது. 1947 முதல் அங்குள்ள பாறைகளில் வண்ணக் குறியிட்டுச் சுற்றுகள் அமைக்கப்பட்டுள்ளன. நிறத்தைப் பார்த்தே கடினத்தை அறியலாம்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் ஏறுபவர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். நிலக்கரித் தொழில் நலிந்து வறுமை சூழ்ந்த பகுதியை ஒட்டிய இடம் அது. தனியார் நிலத்தில் இருக்கும் பாறைகளில் ஏறும் உரிமை, உரிமையாளரின் மனநிலையைப் பொறுத்தது. அந்த நிலையற்ற தன்மையைப் போக்க, ஏறுபவர்களின் கூட்டமைப்பே 2004-இல் 700 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை விலைக்கு வாங்கியது. நிதி திரட்டிப் பல ஆண்டுகளில் கடனை அடைத்தது. இந்தியாவில் இப்படியொரு முயற்சி வராதா என்று எனக்கு ஏக்கம் உண்டு.

விலை கொடுத்தும் வாங்க முடியாத பாறைகளும் உள்ளன. வயோமிங் மாநிலத்தின் டெவில்ஸ் டவர் பல பூர்வகுடி இனத்தாருக்குப் புனிதமானது. அவர்களின் சடங்குகள் நடைபெறும் ஜூன் மாதத்தில் ஏறாமலிருக்கும்படி 1995 முதல் வேண்டுகோள் விடுக்கப்படுகிறது. அது சட்டத் தடையன்று. பெரும்பாலோர் மதிக்கின்றனர், சிலர் மதிப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையில் அனங்கு மக்கள் 'ஏறாதீர்' என்று நெடுங்காலம் வேண்டினர். சுற்றுலா வருவாய் குன்றும் என்ற எதிர்வாதம் எழுந்தவண்ணமே இருந்தது. ஏறும்போது முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்தப் பாறையில், 2019 அக்டோபர் 26 முதல் ஏற்றம் நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டது. நில உரிமை அம்மக்களிடம் 1985-இல் திரும்ப ஒப்படைக்கப்பட்டதும் அக்டோபர் 26-ஆம் நாள்தான்.

நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தின் ஹம்பி, போல்டரிங் செய்வோர் உலகெங்கிலுமிருந்து வந்த இடம். துங்கபத்திரைக் கரையெங்கும் குவிந்து கிடக்கும் கருங்கற்கள், நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் கைக்கு இதமானவை. ஆனால் அது 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஏறுபவர்கள் தங்கிவந்த விருபாபூர் கட்டே தீவின் விடுதிகளை அகற்றும் உத்தரவை 2020 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. அடுத்த சில வாரங்களில் அவை இடிக்கப்பட்டன. சின்னத்தைக் காப்பது சரியே. ஆனால், அவ்விடுதிகளை நம்பியிருந்த சமையற்காரர்களும் படகோட்டிகளும் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை தேடியிருக்க வேண்டும். கலிம்னோஸ் பெற்றதை ஹம்பி பெறாமல் போனது பாறையின் குறையால் அன்று.

சாளுக்கியர் குடைவரைகளுக்குப் புகழ்பெற்ற பாதாமியின் செம்மணற்கல் பாறைகளில் போல்ட் பொருத்திய பாதைகள் நூற்றுக்கும் மேல் உள்ளன. பெங்களூருவிலிருந்து ஒரே இரவில் சென்றுவிடலாம். தொல்லியல் துறையின் எல்லைக்குள் வரும் பாறைகளைத் தவிர்ப்பதும், மழைக்குப் பின் சில நாள் பொறுப்பதும் அங்கே ஏறுவோரின் கடமை.

ஆகவே, மாணவருக்கு நான் சொன்னது இதுதான்: டிசம்பரில் முதலில் பாதாமி, இயற்கைப் பாறையில் கால் பழகிய பின், அடுத்த அக்டோபரில் கலிம்னோஸ். கோஸ் தீவு வரை விமானத்தில் சென்று, அங்கிருந்து படகு பிடிக்கலாம். பாதைகள் நீளமானவை என்பதால் 80 மீட்டர் கயிறு வேண்டும். இறக்கும்போது கயிறு போதாமல் அதன் முனை கருவியிலிருந்து நழுவி விபத்துகள் நேர்வதுண்டு. எனவே முனையில் முடிச்சிட மறக்கக் கூடாது. பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டுகள் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று சிறிய எழுத்துகளையும் படித்துப் பார்க்கச் சொன்னேன். சென்ற வாரம் அவர் மீண்டும் அழைத்தார். வாங்கிய காப்பீட்டில் பாறையேற்றம் விலக்கப்பட்டிருந்ததாம். கூடுதல் தொகை செலுத்தி மாற்றிக்கொண்டாராம். புதிய போல்ட்டுகளுக்கான நிதிக்கும் ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொன்னார்.