கடல் கடந்த படிப்பு: பேராக் சொல்லும் பாடம்

வெளிநாட்டில் படிக்கப் போய், அங்கேயே வேலை தேடி, அங்கேயே குடியேறுவது இந்தத் தலைமுறையின் மோகம் என்று பலர் நினைக்கிறார்கள். பேராக் மாநிலத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், இது நூறாண்டுக்கும் மேற்பட்ட பழைய வழி என்பது புலப்படும். அந்த வழியில் போய்க் கரை சேர்ந்தவர்களும் உண்டு, கையைச் சுட்டுக் கொண்டவர்களும் உண்டு. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள அதுதான் மலாயாவின் முதல் ரயில் பாதை. ரயிலோடு குமாஸ்தா, நிலைய அதிகாரி, மருத்துவமனை டிரஸர் என்று ஆங்கிலம் அறிந்த ஆட்களும் தேவைப்பட்டனர். 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் செமினரி தொடங்கிய காலம் முதலே யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வி வேரூன்றியிருந்தது. அங்கே படித்த இளைஞர்கள் கப்பலேறி வந்தார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊருக்கு மணியோடர் அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்தில் வீடும் நிலமும் அந்தப் பணத்தில் உயர்ந்தன. பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

அதே காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் கதை வேறு. 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. 20ஆம் நூற்றாண்டு பிறந்ததும் தோட்டங்கள் பெருகின. கங்காணி அழைத்து வந்த குடும்பங்கள் லயங்களில் குடியேறி மரம் சீவின. யாழ்ப்பாணத்தார் பலர் கிராணியாகக் கணக்கெழுதினர். தமிழகத்தார் தோளில் காண்டா சுமந்தனர். பேசியது ஒரே தமிழ்தான். இருவரையும் பிரித்தது பள்ளிக்கூடம்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. அதனால் சில வகுப்புகள் வரை தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தது. அதற்கு மேல் போக வழியில்லை. எல்பில், ஹீவுட், டோவன்பி என்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இன்றும் தோட்டப் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் அந்தக் காலத்தை நினைவூட்டுகின்றன.

வசதி படைத்த குடும்பங்கள் மட்டுமே பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பின. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார். ஈப்போவின் சீனிவாசகம் சகோதரர்கள் இங்கிலாந்தில் சட்டம் பயின்றனர். மூவரும் திரும்பி வந்தார்கள். ஏழைகளுக்காக வழக்காடிய டி.ஆர். சீனிவாசகத்தின் பெயரை ஈப்போவின் பூங்கா இன்றும் சுமக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தொழிலாளர்கள் தாங்களே தோட்டத்தை வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கியவர் சம்பந்தன். அவர்கள் காலத்தில் படித்தவனுக்கு இங்கே ஓர் இடம் காத்திருந்தது.

1969க்குப் பிறகு நிலைமை மாறியது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானதால், ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் இந்தியா திரும்பினர். 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. பல்கலைக்கழக இடங்கள் இன விகிதப்படி பங்கிடப்பட்டன. உள்நாட்டில் இடம் கிடைக்காத பிள்ளைகள் வெளியே பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் திறந்திருந்த ஒரு கதவு பிரிட்டிஷ் மருத்துவமனை. அங்கே தாதியர் பற்றாக்குறை. பயிற்சிக்கு வருபவர்களுக்குக் கட்டணம் கிடையாது; மாறாக, பயிலும்போதே சம்பளம் கொடுத்தார்கள். 1960களிலும் 1970களிலும் வெளிநாடுகளிலிருந்து பிரிட்டனுக்குத் தாதியராகச் சென்றவர்களில் மலேசியர் கணிசமானவர்கள். ஆங்கிலப் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்திருந்த பெண்ணுக்கு விமானச் செலவைப் புரட்டினால் போதும் என்ற நிலை, சாதாரணக் குடும்பங்களுக்கும் கடல் கடக்கும் துணிவைத் தந்தது.

ஆனால் அங்கே இரண்டு பயிற்சிகள் இருந்தன. மூன்றாண்டுப் பயிற்சி பெற்றவர் பதிவு பெற்ற தாதி. இரண்டாண்டுப் பயிற்சி பெற்றவர் அதற்கு ஒரு படி கீழே. வெளிநாட்டுப் பெண்கள் பலர், வேறுபாடு தெரியாமலே இரண்டாவதில் சேர்க்கப்பட்டனர். அந்தச் சான்றிதழுக்குப் பிரிட்டனுக்கு வெளியே பல நாடுகளில் மதிப்பில்லை. பதவி உயர்வும் எளிதல்ல, திரும்பி வருவதும் எளிதல்ல. விரும்பித் தங்கியவர்களோடு, வேறு வழியின்றித் தங்கியவர்களும் இருந்தார்கள்.

1980இல் பிரிட்டன் வெளிநாட்டு மாணவர்களிடம் முழுக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. 1981இல் மலேசியா, பிரிட்டிஷ் பொருள்களைக் கடைசியாகவே வாங்குவது என்று அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதுவரை ஆட்கள் வேண்டும் என்று அழைத்த நாடு, இப்போது கட்டணம் வேண்டும் என்று அழைத்தது. மாணவன் தொழிலாளி என்ற நிலையிலிருந்து வாடிக்கையாளர் ஆனான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு கனமானது. பாதிப் படிப்பை இங்கே முடித்து மீதிக்கு வெளிநாடு செல்லும் இரட்டைத் திட்டங்கள் பிறந்தது இதன் பிறகுதான்.

ஆஸ்திரேலியாவும் இதே பாடத்தைச் சொல்கிறது. 2001 முதல், அங்கே படித்து முடித்தவர் நாடு திரும்பாமலே நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க முடிந்தது. சமையல், முடிதிருத்தம் படித்தாலும் புள்ளிகள் கிடைத்தன. வசிப்புரிமைக்காகவே பலர் அவற்றில் சேர்ந்தனர். 2010இல் அந்தப் பட்டியல் ரத்தானது. வகுப்பில் இருந்தவர்களின் கணக்கு ஒரே அறிவிப்பில் தவறியது. படிப்புக்குப் பின் வேலை செய்யும் விசாவைப் பிரிட்டன் 2012இல் மூடி, 2021இல் வேறு பெயரில் திறந்தது.

அங்கீகாரமும் அப்படித்தான். உக்ரேனின் கிரைமியா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மலேசிய இந்திய மாணவர்கள் பலர் சேர்ந்திருந்தனர். 2005இல் மலேசியா அதன் அங்கீகாரத்தை மீட்டுக்கொள்வதாக அறிவித்தபோது குடும்பங்கள் கலங்கிப் போயின.

தைப்பிங் ரயில் முதல் இன்றைய விசா வரை ஒன்று தெளிவு. கதவைத் தட்டுவது மாணவனின் படிப்பு. திறப்பது அந்த நாட்டின் தேவை. தேவை தீர்ந்தால் கதவும் மூடும். தாதிகளை அழைத்ததும் கட்டணத்தை உயர்த்தியதும் அதே நாடுதான்.

ஆகவே சேமநிதிப் பணத்தை எடுக்கும் முன்பும், வீட்டை அடகு வைக்கும் முன்பும் பெற்றோர் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். இந்தப் பட்டத்தை இரு நாடுகளும் ஏற்கின்றனவா? விசா விதி நடுவில் மாறினால், அந்தப் படிப்பை வைத்து இங்கே பிழைக்க முடியுமா? அங்கே குடியுரிமை எடுத்தால் மலேசியக் குடியுரிமையை இழக்க வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரியுமா?

முகவரின் விளம்பரத் தாளில் இவற்றுக்கு விடை இருக்காது. பல்கலைக்கழகத்திடமும், மலேசியத் தகுதி முகமையிடமும், மருத்துவம் என்றால் மலேசிய மருத்துவ மன்றத்திடமும் நேரில் கேட்க வேண்டும். லயத்தில் பிறந்த தாத்தாவுக்கு, எங்கே போகிறோம் என்று கேட்கும் வாய்ப்பு இருக்கவில்லை. பேரப்பிள்ளைக்கு அது இருக்கிறது. கேட்டு அறிந்து போகும் பிள்ளை, தங்கினாலும் திரும்பினாலும் தன் விருப்பப்படி வாழ முடியும்.