திருச்செந்தூர் வட்டாரத்தில் கள்ளும் பதநீரும்

திருச்செந்தூரிலிருந்து உடன்குடி, சாத்தான்குளம் வரை பரந்த செம்மணல் தேரியும் அதன் ஓரங்களும் பனை விளையும் நிலம். தாமிரபரணிக் கால்வாய்கள் எட்டும் இடத்தோடு நெல்லும் வாழையும் நின்றுவிடும். அதற்கப்பால் கோடை முழுவதும் மக்களுக்குச் சோறு போட்டது பனைதான். மாசி, பங்குனியில் பாளை விட்டதும் பனையேறிகள் அதைக் கடிப்பால் நசுக்கிப் பதப்படுத்தி, நாள்தோறும் நுனியைச் சீவிக் கலயம் கட்டுவார்கள்.

ஊறும் சாறு ஒன்றே. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது புளிக்காமல் பதநீராக நிற்கும். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட், சாற்றின் சர்க்கரையைச் சில மணி நேரத்திலேயே சாராயச் சத்தாக்கத் தொடங்கும், அதுதான் கள். மறுநாள் வரை விட்டால் புளிப்பேறிக் காடியாகிவிடும்.

திருச்செந்தூர்க் கடற்கரையில் பனங்கள்ளைவிட மீனுக்கு நெருங்கிய பானம் வேறு இருந்ததில்லை. பரதவர் பனங்கள் பருகியதையும் சுட்ட இறாலைத் தின்றதையும் பட்டினப்பாலை சோழக் கடற்கரையில் வைத்துச் சொல்கிறது. இந்தக் கரையை ஆண்ட பாண்டியருக்குக் கொற்கைத் துறைமுகம் இருந்தது. யவனர் குடங்களில் கொண்டுவந்த மதுவைப் பாண்டிய மன்னன் அருந்தியதைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் கூறுகிறது. அந்த மது அரண்மனைக்கு உரியது. கள்ளோ கரையில் யாருக்கும் கிடைத்தது. சுட்ட மீன், கருவாடு, காரக் குழம்பு ஆகியவற்றின் உப்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கள்ளின் புளிப்பு வெட்டுகிறது. ஸ்பெயினின் வடமேற்குக் கடலோரமான ரியாஸ் பாய்ஷாஸில் அல்பரிஞோ திராட்சையின் புளிப்பான வெள்ளை ஒயினைச் சிப்பியோடும் நண்டோடும் பருகுவதும் இதே காரணத்தால்தான்.

பிரிட்டிஷ் ஆட்சியில் கள் அரசு வருவாயாயிற்று. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரி (மதுவரி)ச் சட்டம் கள் இறக்குவதையும் விற்பதையும் உரிமத்துக்கும் வரிக்கும் உட்படுத்தியது. ஆனால் தேரி மக்களின் பிழைப்பு பெரும்பாலும் பதநீரைச் சார்ந்தே இருந்தது. 1841இல் இடையன்குடிக்கு வந்த மிஷனரி ராபர்ட் கால்டுவெல், புளிக்காத சாறு பனையேறிக் குடும்பங்களின் உணவாக இருந்ததையும், பெண்கள் அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கியதையும் 1849இல் வெளிவந்த தம் நூலில் விவரித்தார்.

1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் தளர்ந்து, 1974க்குள் மீண்டும் இறுகியது. 1981இல் கள்ளுக்கடைகள் திரும்பின. 1987 ஜனவரியில் மறுபடியும் மூடப்பட்டன. அன்று முதல் கலயத்தில் சுண்ணாம்பு இருப்பதும் இல்லாததும் சட்டத்துக்கும் குற்றத்துக்கும் உள்ள எல்லையாயிற்று.

கள் விலகிய இடத்தில் பதநீரும் அதன் பண்டங்களும் நிலைத்தன. ஓலைப் பட்டையில் ஊற்றிய பதநீரில் நுங்கை வழித்துப் போட்டோ, மாங்காய்த் துண்டைக் கடித்துக்கொண்டோ குடிப்பது கோடைப் பழக்கம். பச்சரிசியைப் பதநீரிலேயே வேகவைத்துப் பொங்குவதும் உண்டு. காய்ச்சி இறுகிய பாகைச் சிரட்டையில் வார்த்தால் கருப்பட்டி. சுக்கும் மிளகும் சேர்த்துச் சிறு வில்லைகளாக்கினால் சில்லுக் கருப்பட்டி. உளுந்தங்களிக்கு நல்லெண்ணெயோடும், கார்த்திகைக் கொழுக்கட்டைக்குத் தேங்காயோடும், சுக்குக் காப்பிக்குத் தனியாகவும் கருப்பட்டி சேர்கிறது. திருச்செந்தூர்க் கோயிலுக்கு வருவோர் சில்லுக் கருப்பட்டியை வாங்கிச் செல்வது வழக்கம். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.