காசநோய்

காசநோய், மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் என்னும் பாக்டீரியாவால் வரும் தொற்றுநோய். பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும். நிணநீர்க்கணு, முதுகெலும்பு, மூளையுறை, சிறுநீரகம் என வேறு எங்கும் வரலாம். நகத்தையும் முடியையும் தவிர இது விட்டுவைக்கும் இடம் இல்லை என்பது மருத்துவர்களிடையே வழங்கும் பேச்சு. எலும்புருக்கி, சயரோகம் என்பவை பழைய பெயர்கள், பேச்சுவழக்கில் டி.பி. உலகில் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதனால் இறக்கிறார்கள். கிருமியைக் கண்டறிந்ததை ராபர்ட் காக் பெர்லினில் 1882 மார்ச் 24 அன்று அறிவித்தார். அந்த நாளே உலகக் காசநோய் நாள்.

காலரா, டெட்டனஸ் கிருமிகளைப் போல இது நஞ்சைச் சுரந்து நோயை உண்டாக்குவதில்லை. நோயாளி படும் பாட்டில் பெரும்பங்கு, கிருமியை அடக்க அவர் உடலே நடத்தும் போரினால் வருவது. காசநோயைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல்.

கிருமி

இதன் மேலுறையில் மைக்கோலிக் அமிலம் என்னும் மெழுகு போன்ற கொழுப்பு அடர்ந்திருக்கும். அந்த மெழுகின் உறுதியைச் சளிப் பரிசோதனையிலேயே காணலாம். சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிக் காயவைத்து, சிவப்புச் சாயம் ஊற்றி, அடியில் ஆவி எழும்வரை சூடுகாட்டுவார்கள். பிறகு அமிலம் விட்டு அலசினால் மற்றவை எல்லாம் வெளுத்துவிடும். இந்தக் கிருமி மட்டும் ஏற்றிய சிவப்பை விடாது. அதன்மேல் நீலச் சாயம் பூசி நுண்ணோக்கியில் பார்த்தால், நீலப் பரப்பில் சிவப்பு நூல்துண்டுகள் சிதறிக் கிடப்பது போலத் தெரியும்.

வளர்ச்சியில் இது படுமந்தம். குடலில் வாழும் ஈ. கோலை, வாய்ப்பான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமிக்குச் சுமார் 20 மணி நேரம் வேண்டும். நோய் மெதுவாக முற்றுவதற்கும், மருந்தை மாதக்கணக்கில் விழுங்க நேர்வதற்கும் இந்த நிதானமும் ஒரு காரணம்.

உடலுக்குள் நடப்பது

நோயாளி இருமும்போது தெறிக்கும் நுண்திவலைகள் காற்றில் மிதக்கின்றன. மூச்சோடு உள்ளே போனவற்றில் பெரியவை மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும். மிகச் சிறியவை நுரையீரலின் காற்றறைகள் வரை இறங்கும். அங்கே காவல் நிற்பது மேக்ரோஃபேஜ் என்னும் பெருவிழுங்கணு. அது வந்த கிருமியை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கிறது. வழக்கமாக, செரிமானச் சாறு நிரம்பிய இன்னொரு பை வந்து இதனோடு இணையும். உள்ளே இருப்பது கரைந்துபோகும். காசநோய்க் கிருமி அந்த இணைப்பையே தடுத்துவிடுகிறது. கொல்ல வந்த அணுவே குடியிருக்கும் வீடாகிறது. போதாததற்கு, ஈசாட்-6 போன்ற புரதங்களைச் சுரந்து பையின் சுவரைத் துளைக்கிறது.

உடலின் அடுத்த படையான டி அணுக்கள் களத்துக்கு வரச் சில வாரங்கள் பிடிக்கும். வந்ததும் காமா இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தைச் சுரந்து விழுங்கணுக்களை முடுக்கிவிடும். விழுங்கணுக்கள் கிருமியைச் சூழ்ந்து நெருங்கி நிற்க, அவற்றைச் சுற்றி டி அணுக்கள் வளையமிட, கிரானுலோமா என்னும் முடிச்சு உருவாகிறது. அதன் நடுப்பகுதி நாளடைவில் செத்துப் பாலாடைக்கட்டி போல் பொடிந்துபோகும். ஐரோப்பியர் தமக்குத் தெரிந்த பண்டத்தின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். நாம் வைத்திருந்தால் திரிந்த பால் என்றிருப்போம்.

இந்த முற்றுகையில் பலருக்கும் கிருமி ஒடுங்கிவிடும். ஆனால் முழுதும் அழிந்துவிடும் என்பதில்லை. உலக மக்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இக்கிருமியின் தொற்றுக்கு ஆளானவர்கள் என்பது மதிப்பீடு. அவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினரே வாழ்நாளில் என்றேனும் நோயாளியாகிறார்கள். எச்.ஐ.வி., சர்க்கரைநோய், ஊட்டக்குறைவு, புகை ஆகியவை அந்த வாய்ப்பைக் கூட்டும். மூட்டுவாதத்துக்காக டி.என்.எஃப். என்னும் சுரப்பைத் தடுக்கும் மருந்து எடுத்தவர்களில் சிலருக்கு, உறங்கிக் கிடந்த காசநோய் கிளம்பியிருக்கிறது. முடிச்சைக் கட்டிக் காப்பதில் அந்தச் சுரப்புக்கு உள்ள பங்கு அதனால் தெளிவானது. அதே டி.என்.எஃப். மிகும்போது பசியைக் கெடுத்துத் தசையைக் கரைக்கும். மாலைக் காய்ச்சலிலும் எடை குறைவதிலும் அதற்குப் பங்கு உண்டு. எலும்புருக்கி என்று பெயர் வைத்தவர்கள் பார்த்தது இந்தக் கரைதலைத்தான்.

முடிச்சின் நடுப்பகுதி இளகி மூச்சுக்குழலுக்குள் உடைந்தால் நுரையீரலில் குழி விழும். அங்கே காற்றும் இடமும் தாராளம். கிருமி பல்கிப் பெருகிச் சளியோடு வெளியேறும். ஊருக்குப் பரவுவது இப்படித்தான். எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றிய எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு இத்தகைய குழிகள் குறைவு. சளியிலும் கிருமி அவ்வளவாகத் தென்படாது. ஆனால் உடலுக்குள் நோய் கட்டுமீறிப் பரவியிருக்கும். எச்.ஐ.வி. மருந்து தொடங்கி எதிர்ப்பாற்றல் திரும்பும்போது, சிலருக்குக் காய்ச்சலும் கட்டியும் முன்னைவிட மோசமாவதுண்டு. மூளையுறைக் காசநோயில் கிருமிக்கொல்லி மருந்தோடு, எதிர்ப்பாற்றலை மட்டுப்படுத்தும் ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுப்பது, உடலின் எதிர்ப்பே இப்படிச் சேதம் செய்யும் என்பதால்தான்.

சோதனையும் தடுப்பூசியும்

மான்டோ சோதனையில் முன்கைத் தோலுக்குள் கிருமியின் புரதத்தைச் சிறிது செலுத்தி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளக்கிறார்கள். சிவப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. விரலுக்குத் தட்டுப்படும் தடிப்புதான் கணக்கு. டி அணுக்கள் இந்தக் கிருமியையோ அதன் உறவுக் கிருமியையோ முன்பே சந்தித்திருக்கின்றன என்பதே அதற்குப் பொருள். நோய் இருக்கிறது என்று பொருள் இல்லை.

இடது தோளில் பலரும் சுமக்கும் தழும்பு பி.சி.ஜி. ஊசியினுடையது. பிரான்சின் கால்மெட், கெரான் இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 ஆண்டுகள் ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் இழக்கச் செய்தார்கள். 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு அது கொடுக்கப்பட்டது. அந்த வளர்ப்பில் ஈசாட்-6ஐ உண்டாக்கும் மரபணுப் பகுதியையே அக்கிருமி இழந்துவிட்டது. குழந்தைகளைக் கடும் மூளையுறைக் காசநோயிலிருந்து இந்த ஊசி நன்றாகவே காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் நோய்க்கு? அதை அறிய 1968இல் செங்கல்பட்டுப் பகுதியில் தொடங்கிய ஆய்வில் 2.5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டார்கள். பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பிலும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு தெரியவில்லை. மண்ணிலும் நீரிலும் உள்ள உறவுக் கிருமிகளோடு முன்பே ஏற்பட்ட பழக்கம் ஊசியின் பலனை மறைத்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

சிகிச்சை

வழக்கமான காசநோய்க்கு ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட், எத்தாம்பியூட்டால் என்று நான்கு மருந்துகளில் தொடங்கி, இரண்டு மாதத்துக்குப் பின் எண்ணிக்கையைக் குறைத்து, மொத்தம் ஆறு மாதம் கொடுப்பார்கள். ஐசோனியாசிட் மைக்கோலிக் அமில உற்பத்தியை அடைக்கும். ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், இதைச் சொல்லிவைக்காவிட்டால் நோயாளி பயந்துபோவார். சில வாரங்களிலேயே காய்ச்சல் விட்டு, பசி எடுத்து, உடம்பு தேறும். மாத்திரையை நிறுத்தத் தோன்றுவது அப்போதுதான். மந்தமாய்க் கிடக்கும் மிச்சக் கிருமிகளோ இன்னும் சாகாமல் இருக்கும். இடையில் விட்டால் நோய் திரும்பும், மருந்துக்கு மசியாத கிருமி தலையெடுக்கும்.

சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் படுக்கவைத்தால்தான் குணமாகும் என்ற நம்பிக்கையைத் தகர்த்தது சென்னை. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் 193 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் ஓராண்டு மருந்து கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு ஓய்வும் குறைவு, சாப்பாடும் மட்டம். 1959இல் வெளிவந்த முடிவில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாகியிருந்தன. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை.